வெளிக் களஞ்சியம் சேர்த்த பிறகு பேக்கேஜ்கள் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து தீர்வுக்கு

உங்கள் லினக்ஸ் விநியோகத்துக்கு (உபுண்டு, டெபியன் போன்றது) வெளியே யாரோ நடத்தும் பேக்கேஜ் களஞ்சியத்தைச் சேர்த்தாயிற்று. அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியும் போட்டாயிற்று. அப்டேட்டும் ஒரு பிழை காட்டாமல் ஓடி முடிந்தது. ஆனால் இன்ஸ்டால் கொடுத்தால் பழைய பதிப்புதான் வருகிறது. இல்லையென்றால் நேற்று நீக்கிய ஸ்னாப் (உபுண்டுவின் தனி நிரல் வடிவம்) இன்று காலை திரும்பி வந்திருக்கிறது. இந்த நிலையில் கையில் கிடைத்த கட்டளையை எல்லாம் ஒட்டிப் பார்க்கத் தோன்றும். ஃபோர்ஸ் என்ற சொல் வரும் கட்டளைகள் மீது கை போகும். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். இங்கே நடப்பதெல்லாம் கணக்கு. ஒவ்வொரு பதிப்புக்கும் பேக்கேஜ் மேனேஜர் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறது. அந்த எண்ணை அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆப்ட் என்ற பேக்கேஜ் மேனேஜரோடு வரும் டெபியன், உபுண்டு, மின்ட் பயன்படுத்துபவர்களை மனத்தில் வைத்தே பெரும்பகுதியை எழுதுகிறேன். ஃபெடோரா, ஓப்பன்சூசே பற்றிக் கடைசிக்கு முந்தைய பகுதியில் வரும். கட்டளைகளையும் கோப்பு வரிகளையும் ஒலிப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துக்கூட்டில் தட்டுங்கள். கணினியில் எதையாவது மாற்றும் கட்டளைக்கு முன்னால் சூடோ வேண்டும். வெறுமனே பார்ப்பதற்கான கட்டளைக்கு வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி இதுதான்

ஆப்ட்-கேஷ் பாலிசி ஃபயர்பாக்ஸ்

ஃபயர்பாக்ஸ் இருக்கும் இடத்தில் உங்களுக்குத் தொல்லை தரும் பேக்கேஜின் பெயரைப் போடுங்கள். வரும் பதிலில் மூன்று பகுதிகள் இருக்கும். இன்ஸ்டால்டு என்பது இப்போது கணினியில் இருக்கும் பதிப்பு. கேண்டிடேட் என்பது இப்போது இன்ஸ்டால் கொடுத்தால் வரப்போகும் பதிப்பு. கீழே உள்ள வெர்ஷன் டேபிள், கிடைக்கும் எல்லாப் பதிப்புகளையும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முன்னுரிமை, எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்பதையும் காட்டும்.

அந்த முன்னுரிமை எண்களை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். சாதாரணமாக எல்லாக் களஞ்சியங்களுக்கும் 500. ஏற்கெனவே கணினியில் இருப்பதற்கு 100. டெபியன் பேக்போர்ட்ஸ் போல, கேட்டால் மட்டும் தருவேன், ஒருமுறை தந்தால் அதற்கு மேம்படுத்தலும் தருவேன் என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் களஞ்சியங்களுக்கும் 100தான். எக்ஸ்பெரிமெண்டல் போன்றவற்றுக்கு 1. டிஃபால்ட் ரிலீஸ் என்று நீங்களே ஒன்றைக் குறித்துவைத்திருந்தால் அதற்கு மட்டும் 990.

பெரிய எண் ஜெயிக்கும். எண்கள் சமமாக இருந்தால் பெரிய பதிப்பு ஜெயிக்கும். ஆனால் கணினியில் ஏற்கெனவே உயர்ந்த பதிப்பு இருந்தால், 1000க்குக் குறைவான எந்த முன்னுரிமையும் அதைக் கீழே இறக்காது. 1000 அல்லது அதற்கு மேல் என்றால் கீழிறக்கவும் அனுமதி கொடுத்தாயிற்று என்று பொருள். சுழியத்துக்குக் கீழே போனால் அந்தப் பதிப்பு நிறுவவே கூடாது. சுழியத்தை மட்டும் எழுதாதீர்கள். அதற்கு வரையறுத்த பொருள் இல்லை.

அறிகுறி: புதிய பதிப்பு களஞ்சியத்தில் இருக்கிறது, ஆனாலும் பழையதே வருகிறது

முதலில், புதிய பதிப்பு வெர்ஷன் டேபிளில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவே இல்லை என்றால் இது முன்னுரிமைச் சண்டை அல்ல. களஞ்சியத்தின் பட்டியல் உங்கள் கணினிக்கு வந்துசேரவில்லை. ஆப்ட் அப்டேட் ஓடும்போது வரும் மஞ்சள் எச்சரிக்கைகளைப் பொறுமையாகப் படியுங்கள். நோ-பப்கீ என்று வந்தால் சாவி இல்லை, அல்லது சாவி இருக்கும் இடத்தைக் களஞ்சிய வரியில் உள்ள சைன்டு-பை தவறாகச் சுட்டுகிறது. வேறு வகைக் கணினிக்கான பட்டியல் என்று சொன்னால் ஆர்க்கிடெக்சர் பொருந்தவில்லை. இதைச் சரிசெய்யாமல் பின் கோப்பு, அதாவது முன்னுரிமையை நாமே குறித்துவைக்கும் கோப்பு, எழுதுவது வீண்.

டேபிளில் தெரிகிறது, ஆனால் கேண்டிடேட் ஆகவில்லை என்றால்தான் உண்மையான கணக்குக்கு வருகிறோம். இதற்கு உபுண்டுவில் ஃபயர்பாக்ஸைவிட நல்ல பாடம் இல்லை.

உபுண்டு 21.10 முதல் ஃபயர்பாக்ஸ் இயல்பாகவே ஸ்னாப்பாக வரத் தொடங்கியது. 22.04 வந்தபோது, ஃபயர்பாக்ஸ் என்ற பெயரில் உபுண்டு களஞ்சியத்தில் இருக்கும் டெப் (ஆப்ட் நிறுவும் வழக்கமான வடிவம்) பேக்கேஜ் வெறும் பாலமாகிவிட்டது. உள்ளே உலாவி இல்லை; நிறுவும்போது ஸ்னாப்பை இழுத்துவரும் ஒரு ஸ்கிரிப்ட்தான் இருக்கிறது. அதன் பதிப்பு எண்ணைப் பாருங்கள்: 1:1ஸ்னாப்1-0உபுண்டு2. முக்காற்புள்ளிக்கு முன்னால் ஒரு 1 இருக்கிறதல்லவா, அதற்கு ஈப்பாக் என்று பெயர். முக்காற்புள்ளியே இல்லாத பதிப்புக்கு ஈப்பாக் 0 என்று பொருள். ஒப்பிடும்போது முதலில் ஈப்பாக்கைத்தான் பார்ப்பார்கள். அதில் ஒன்று பெரியதாக இருந்தால் பின்னால் வரும் எதையும் பார்ப்பதில்லை.

2024 ஜனவரியில், ஃபயர்பாக்ஸ் 122 வெளியானபோது, மொசில்லா தன் சொந்தக் களஞ்சியத்தில் நிலையான பதிப்பை டெப் வடிவில் தரத் தொடங்கியது. அந்தப் பதிப்பு எண்ணுக்கு ஈப்பாக் கிடையாது. ஆக இரண்டுக்கும் முன்னுரிமை 500, ஒரு பக்கம் 122, மறு பக்கம் 1:1. நம் கண்ணுக்கு 122 பெரியது. ஆப்ட்டுக்கு 1:1 பெரியது. இனி 200 வந்தாலும் 1:1தான் ஜெயிக்கும். இதற்கு மருந்து முன்னுரிமையை உயர்த்துவது மட்டும்தான்.

/ஈடிசி/ஆப்ட்/பிரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் மொசில்லா என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி இதை எழுதுங்கள்:

பேக்கேஜ்: ஃபயர்பாக்ஸ்*
பின்: ஆரிஜின் பேக்கேஜஸ்.மொசில்லா.ஆர்க்
பின்-ப்ரையாரிட்டி: 1000

மீண்டும் பாலிசி கேளுங்கள். கேண்டிடேட் மாறியிருக்கும். இப்போது ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்பாக்ஸ் கொடுத்தால், டவுன்கிரேடு ஆகப்போகிறது என்று சொல்லி அனுமதி கேட்கும். பயப்பட வேண்டாம், ஈப்பாக் கணக்கில்தான் அது கீழிறக்கம். ஒய் என்ற தானியங்கி ஒப்புதலைக் கட்டளையிலேயே சேர்த்திருந்தால் அது மறுத்துவிடும். அலௌ-டவுன்கிரேட்ஸ் என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும், அல்லது ஒப்புதலைக் கையால் கொடுக்க வேண்டும். எனக்குக் கையால் கொடுப்பதே பிடிக்கும். பட்டியலில் வேறு எதுவும் கீழிறங்குகிறதா என்று கண்ணால் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

பழைய ஸ்னாப்பை நீக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் வீட்டுக் கோப்புறைக்குள் ஸ்னாப், ஃபயர்பாக்ஸ், காமன் என்ற வரிசையில் போனால் வரும் டாட்-மொசில்லா கோப்புறையில் இருக்கின்றன. அதை முதலில் வேறு இடத்துக்கு நகலெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு நீக்குங்கள். தமிழ் இடைமுகம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு: உபுண்டுவின் மொழிப் பேக்கேஜ் ஃபயர்பாக்ஸ்-லோக்கேல்-டிஏ. அது மொசில்லாவின் டெப்புக்கு உதவாது. மொசில்லா களஞ்சியத்தில் அதன் பெயர் ஃபயர்பாக்ஸ்-எல்10என்-டிஏ.

ஈப்பாக் சிக்கல் இல்லாமலேயே பழையது வந்தால் டேபிளில் 990 என்ற எண்ணைத் தேடுங்கள். யாரோ எப்போதோ ஆப்ட் உள்ளமைவில் டிஃபால்ட்-ரிலீஸ் என்ற வரியை எழுதியிருப்பார்கள். அது விநியோகத்தின் பேக்கேஜுக்கு 990 கொடுத்துவிடும். வெளிக் களஞ்சியம் 500-லேயே நின்றுவிடும். இந்த வரிக்கு இதைவிட மோசமான ஒரு விளைவும் உண்டு. டெபியன் 11 முதல் பாதுகாப்புத் தொகுதியின் பெயர் புல்ஸ்ஐ-செக்யூரிட்டி என்று மாறியது. டிஃபால்ட்-ரிலீஸில் வெறும் ஸ்டேபிள் அல்லது புல்ஸ்ஐ என்று மட்டும் எழுதியிருந்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் 500-க்கு இறங்கிவிடுகின்றன. கணினி சத்தமில்லாமல் ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும். தேவையில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பாலிசி அட்டவணையில் ஃபேஸ்டு என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு விழுக்காடும் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். உபுண்டு சில மேம்படுத்தல்களைப் படிப்படியாக அனுப்புகிறது. உங்கள் முறை வரும்போது தானாக வரும்.

அறிகுறி: பின் கோப்பு எழுதினேன், எதுவும் மாறவில்லை

என்னிடம் உதவி கேட்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். காரணங்கள் கிட்டத்தட்ட எப்போதும் இந்தச் சிலவற்றில் ஒன்றுதான்.

கோப்பின் பெயர். பிரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் உள்ள கோப்புக்கு நீட்சி எதுவும் இருக்கக் கூடாது, அல்லது பிரெஃப் என்ற நீட்சி இருக்க வேண்டும். டெக்ஸ்ட் எடிட்டர் டிஎக்ஸ்டி என்று ஒட்டவைத்துவிட்டாலோ, கான்ஃப் என்று நீங்களே வைத்துவிட்டாலோ ஆப்ட் அதைப் படிப்பதே இல்லை. பெயரில் எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி தவிர வேறு எதுவும் வேண்டாம். இடைவெளியும் கூடாது.

ஆரிஜின் என்ற சொல். இது இரண்டு இடங்களில் இரண்டு பொருளில் வருகிறது. பின் வரியில் ஆரிஜின் என்று தொடங்கினால் அது களஞ்சியம் இருக்கும் சர்வரின் பெயர். ரிலீஸ் என்று தொடங்கி ஓ= என்று எழுதினால், அது களஞ்சியம் தன் ரிலீஸ் கோப்பில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். முதலாவதில் உபுண்டு என்று எழுதினாலும் பொருந்தாது, இரண்டாவதில் சர்வர் பெயரை எழுதினாலும் பொருந்தாது. எது சரி என்று ஊகிக்க வேண்டாம். பேக்கேஜ் பெயர் எதுவும் தராமல் ஆப்ட்-கேஷ் பாலிசி என்று மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் கீழே ரிலீஸ் என்று ஒரு வரியும் ஆரிஜின் என்று ஒரு வரியும் வரும். அதிலிருந்து அப்படியே நகலெடுங்கள்.

முந்திக்கொண்ட பழைய கோப்பு. பேக்கேஜ் பெயரைக் குறித்து எழுதிய விதிகளில் முதலில் பொருந்துவதுதான் செல்லும். கோப்புகளைப் பெயர் வரிசைப்படிதான் ஆப்ட் படிக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கிருந்தோ பார்த்து எழுதிய 00 என்று தொடங்கும் கோப்பு அங்கே இருந்தால், இன்று நீங்கள் எழுதியது பின்னால்தான் நிற்கும். இன்னொன்று, பெயர் குறித்த விதி எப்போதும் நட்சத்திரம் மட்டும் போட்ட பொதுவிதியை வெல்லும், எண் சிறியதாக இருந்தாலும் சரி. கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்க:

கிரெப் -ஆர் . /ஈடிசி/ஆப்ட்/பிரிஃபரன்சஸ்.டி

இரண்டு விதிகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அவை ஒன்றாகக் கலந்துவிடும்.

உபுண்டுவை 20.04-லிருந்து 22.04-க்கு என்று மேம்படுத்தியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மேம்படுத்தும் கருவி வெளிக் களஞ்சியங்களை முடக்கிவிடும், ஆனால் பின் கோப்புகள் அப்படியே இருக்கும். அவற்றில் என்=ஃபோக்கல் என்று 20.04-இன் பெயரைக் குறித்திருந்தால் இனி எதற்கும் பொருந்தாது.

அறிகுறி: சரிசெய்தது மறுநாள் பழையபடி ஆகிவிட்டது

நீங்கள் தூங்கும்போது வேலை செய்தது அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ். உபுண்டுவில் இது இயல்பாகவே இயங்கும், தனக்கு அனுமதித்த மூலங்களை மட்டும் பார்க்கும். வெளிக் களஞ்சியம் அந்தப் பட்டியலில் இருக்காது. ஆகவே அதன் கண்ணுக்குத் தெரிவது உபுண்டுவின் 1:1 பதிப்பு மட்டும். உங்கள் 1000 அங்கே கணக்கில் வராமல் போகிறது. விளைவு, காலையில் ஸ்னாப்.

இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் செய்யுங்கள் என்றே சொல்வேன். முதலாவது, உபுண்டுவின் பாலப் பேக்கேஜுக்குக் கதவை அடைப்பது. முன்பு எழுதிய அதே கோப்பில், ஒரு வெற்று வரி விட்டு:

பேக்கேஜ்: ஃபயர்பாக்ஸ்
பின்: ரிலீஸ் ஓ=உபுண்டு
பின்-ப்ரையாரிட்டி: -1

இரண்டாவது, மொசில்லாவிடமிருந்து வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வந்துசேர வழி செய்வது. உலாவி விஷயத்தில் இது மிக முக்கியம். கதவை அடைத்துவிட்டு இதைச் செய்யாமல் விட்டால், நீங்களாக மேம்படுத்தும் நாள் வரை பழைய உலாவியில்தான் வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருப்பீர்கள். /ஈடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி கோப்புறையில் 51 என்று தொடங்கும் ஒரு புதிய கோப்பில்:

அன்அட்டெண்டட்-அப்கிரேட்::ஆரிஜின்ஸ்-பேட்டர்ன்:: "சைட்=பேக்கேஜஸ்.மொசில்லா.ஆர்க்";

பிறகு அன்அட்டெண்டட்-அப்கிரேட் கட்டளையை ட்ரை-ரன், டீபக் என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டிப் பாருங்கள். எதையும் மாற்றாமல், எந்த மூலங்களை அனுமதிக்கிறது, எதை நிறுவப்போகிறது என்று சொல்லும்.

அறிகுறி: உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று மறுக்கிறது

ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ் என்ற இந்தச் செய்தி பலரைத் தவறான பக்கம் அனுப்பிவிடுகிறது. உண்மையிலேயே ஹோல்டு போட்டிருக்கிறீர்களா என்று ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு சொல்லிவிடும். பெரும்பாலும் அது வெறுமையாகத்தான் வரும். அப்படியானால் செய்தியின் உண்மைப் பொருள் இதுதான்: நீங்கள் கேட்டதற்குத் தேவையான சார்புகளை, அதாவது அது நம்பியிருக்கும் மற்றப் பேக்கேஜ்களை, ஒன்றாகப் பொருத்த முடியவில்லை.

இதற்கு நான் எப்போதும் செய்வது, ஒவ்வொரு படியாக இறங்கிப் போவது. அ என்ற பேக்கேஜுக்கு ஆ தேவை, ஆனால் நிறுவப்படாது என்று சொன்னால், கட்டளையில் ஆ-வையும் பெயர் சொல்லிச் சேருங்கள். அடுத்து இ-யைக் குறை சொல்லும். இ-யையும் சேருங்கள். மூன்று நான்கு படிகளில் உண்மைக் காரணம் வெளியே வந்துவிடும். கட்டளையோடு -எஸ் சேர்த்தால் எல்லாமே ஒத்திகைதான், எதுவும் மாறாது. வெளியே வந்த பெயருக்குப் பாலிசி கேளுங்கள்.

அடிக்கடி வெளியே வரும் காரணங்களில் முதலாவது, பெயர் வேறு, உள்ளடக்கம் ஒன்று. நோட்சோர்ஸ் களஞ்சியத்தின் நோட்ஜேஎஸ் பேக்கேஜுக்குள்ளேயே என்பிஎம் இருக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் என்பிஎம் தனிப் பேக்கேஜ். பழக்கத்தில் இரண்டையும் சேர்த்து இன்ஸ்டால் கொடுத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். நோட்ஜேஎஸ் மட்டும் கேளுங்கள், போதும். டாக்கரிலும் இதே கதைதான். டாக்கர் நிறுவனத்தின் கன்டெய்னர்டி.ஐஓ, விநியோகத்தின் கன்டெய்னர்டியோடு சேர்ந்து இருக்காது. டாக்கர்.ஐஓ, கன்டெய்னர்டி, ரன்சி ஆகியவற்றை நீக்கிவிட்டுத்தான் டாக்கர்-சிஇ பக்கம் போக வேண்டும்.

இரண்டாவது, வேறு வெளியீட்டுக்கான களஞ்சியம். லிப்எஸ்எஸ்எல்1.1 வேண்டும், ஆனால் கிடைக்காது என்று செய்தி வந்தால் உடனே இதைச் சந்தேகியுங்கள். உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறிவிட்டது. அந்தப் பழைய நூலகம் அதன் களஞ்சியத்தில் இல்லை. நீங்கள் சேர்த்த வரியில் ஜாமி (22.04-இன் பெயர்) இருக்க வேண்டிய இடத்தில் ஃபோக்கல் இருக்கும். மின்ட் பயன்படுத்துபவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். மின்ட் 21-இன் சொந்தப் பெயர் வனெசா. வெளிக் களஞ்சியங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் உபுண்டு-கோட்நேம் என்ற வரியில் ஜாமி என்று இருக்கும், அதைத்தான் எழுத வேண்டும். பழைய லிப்எஸ்எஸ்எல் டெப்பை எங்கிருந்தாவது இறக்கி நிறுவும்படி சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. செய்யாதீர்கள். திருத்தங்களே வராத ஒரு பாதுகாப்பு நூலகத்தை நிரந்தரமாக வீட்டுக்குள் உட்காரவைப்பதாகிவிடும்.

அறிகுறி: நிறுவல் சரியாக முடிந்தது, நிரல்தான் ஓடவில்லை

ஆப்ட் எந்தக் குறையும் சொல்லாததால் இதில் பலர் நாள்கணக்கில் தேடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட் இதற்கு நல்ல சான்று. 2022 ஆகஸ்டில் உபுண்டு 22.04 தன் சொந்தக் களஞ்சியத்திலேயே டாட்நெட் 6-ஐத் தரத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் களஞ்சியத்திலும் அதே பெயரில் பேக்கேஜ்கள் இருந்தன. உபுண்டுவுடையது /யுஎஸ்ஆர்/லிப்/டாட்நெட் கோப்புறையில் அமரும். மைக்ரோசாஃப்ட்டுடையது /யுஎஸ்ஆர்/ஷேர்/டாட்நெட்டில் அமரும். இரண்டு களஞ்சியங்களுக்கும் 500. ஒவ்வொரு பேக்கேஜிலும் யாருடைய பதிப்பு எண் பெரியதோ அது வரும். ஹோஸ்ட் (நிரலைத் தொடக்கும் பகுதி) ஒரு வீட்டிலிருந்தும் எஸ்டிகே (நிரல் எழுதும் கருவிகள்) இன்னொரு வீட்டிலிருந்தும் வந்தால், ஹோஸ்ட் / எஃப்எக்ஸ்ஆர் என்ற கோப்புறை இல்லை என்று டாட்நெட் நின்றுவிடும்.

மருந்து: டாட்நெட், ஆஸ்ப்நெட்கோர், நெட்ஸ்டாண்டர்டு என்று தொடங்கும் எல்லாவற்றையும் முழுதாக நீக்குங்கள். எந்த வீடு வேண்டும் என்று தீர்மானியுங்கள். வேண்டாத வீட்டின் பேக்கேஜ்களுக்கு மட்டும் -10 என்று பின் எழுதிவிட்டு, மறுபடி நிறுவுங்கள். மைக்ரோசாஃப்ட் களஞ்சியத்தை முழுதாக எடுக்க வேண்டியதில்லை; அங்கிருந்து வேறு நிரல்கள் வந்துகொண்டிருக்கலாம். உபுண்டு 24.04 முதல் மைக்ரோசாஃப்ட் தன் களஞ்சியத்தில் உபுண்டுவுக்கான டாட்நெட்டைத் தருவதில்லை என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

இதற்கு நேர் எதிர், நடுவழியில் நிற்கும் வகை: ஒரு கோப்பை மேலெழுத முயல்கிறது, அது ஏற்கெனவே இன்னொரு பேக்கேஜில் இருக்கிறது என்று, ஆப்ட்டுக்கு அடியில் நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி சொல்லும். நோட்சோர்ஸிலிருந்து நோட்ஜேஎஸ் நிறுவும்போது விநியோகத்தின் லிப்நோட்-டெவ் இருந்தால் இப்படி ஆகும். செய்தியிலேயே இருக்கும் அந்த மற்றொரு பேக்கேஜை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும். ஃபோர்ஸ்-ஓவர்ரைட் வேண்டாம், இரண்டு பேக்கேஜ்கள் ஒரே கோப்பைத் தமது என்று நினைத்துக்கொண்டிருக்கும் கணினியை அடுத்த மேம்படுத்தலில் யாராலும் கணிக்க முடியாது.

அறிகுறி: கேட்காத பேக்கேஜ்களும் மாறிவிட்டன

நண்பர் ஒருவரின் கணினியில் இதைப் பார்த்தேன். ஒரே ஒரு நிரலுக்காக ஒரு களஞ்சியத்தைச் சேர்த்து, பேக்கேஜ் என்ற இடத்தில் வெறும் நட்சத்திரம் போட்டு 1000 கொடுத்திருந்தார். அந்தக் களஞ்சியத்தில் அந்த நிரலோடு, கணினி முழுக்கப் பயன்படும் ஒரு பொது நூலகத்தின் வேறு பதிப்பும் இருந்தது. அடுத்த மேம்படுத்தலில் அதுவும் வந்து அமர்ந்தது. அச்சுப்பொறி நின்றுபோனது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமை முழுதும் ஆனது.

மொசில்லாவின் சொந்த வழிமுறையிலேயே நட்சத்திரம்தான் இருக்கிறது. அந்தக் களஞ்சியத்தில் மொசில்லாவின் பொருள்கள் மட்டும் இருப்பதால் அது பொறுத்துக்கொள்ளக் கூடியது. இருந்தாலும் பெயர் குறித்து எழுதுவதையே நான் விரும்புகிறேன். முன்பின் தெரியாத களஞ்சியம் என்றால் இரண்டு விதிகள் எழுதுவேன். அந்தக் களஞ்சியத்தின் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டு 1. நான் தேடிவந்த நிரலின் பெயருக்கு மட்டும் 500, தேவைப்பட்டால் 1000. பெயர் குறித்த விதி பொதுவிதியை வெல்லும் என்று மேலே சொன்னது இங்கே உதவுகிறது. அந்தக் களஞ்சியத்தில் மட்டுமே உள்ள சார்புகளை 1 தடுக்காது. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை அது மாற்றாது.

அறிகுறி: நிறுவுவதற்கான கேண்டிடேட் இல்லை என்கிறது

பாலிசியில் கேண்டிடேட் வெறுமையாக இருந்து, டேபிளில் பதிப்பு மட்டும் தெரிந்தால், எங்கோ ஓர் எதிர்ம எண் அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. மேலே நாம் எழுதிய -1 விதியே இதைச் செய்யும்: மொசில்லா களஞ்சியத்தின் பட்டியல் கணினியில் இல்லாமல் போனால், இன்னும் நிறுவாத ஃபயர்பாக்ஸுக்கு எந்தக் கேண்டிடேட்டும் இருக்காது. விதி சரியாகத்தான் வேலை செய்கிறது. களஞ்சியத்தைச் சரிசெய்யுங்கள்.

ஃபெடோரா, ரெட் ஹேட், ஓப்பன்சூசே பக்கம்

இங்கே எண் தலைகீழ். ஃபெடோரா, ரெட் ஹேட்டின் டிஎன்எஃப்பிலும் ஓப்பன்சூசேயின் ஸிப்பரிலும் களஞ்சியத்தின் முன்னுரிமை இயல்பாக 99, சிறிய எண்தான் ஜெயிக்கும். ஆப்ட் பழக்கத்தில் 1000 என்று எழுதினால் அந்தக் களஞ்சியத்தைக் கடைசி வரிசைக்கு அனுப்பியதாகிவிடும். மேலே வர வேண்டுமென்றால் களஞ்சியக் கோப்பில் ப்ரையாரிட்டி=10 போல எழுதுங்கள். டிஎன்எஃப்பில் சிறிய எண் உள்ள களஞ்சியம், பழைய பதிப்பை வைத்திருந்தாலும் ஜெயிக்கும் என்பதை மறக்க வேண்டாம். அதே கோப்பில் இன்க்ளூட்பேக்கேஜஸ் என்று எழுதி, இந்தக் களஞ்சியத்திலிருந்து இன்ன பெயர்கள் மட்டும் என்று வரம்பு போடலாம். எக்ஸ்க்ளூட்பேக்கேஜஸ் என்று எழுதி விலக்கவும் செய்யலாம். பெயர்களை எழுதும்போது அவற்றின் சுருக்க எழுத்துக்கூட்டைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெல்லாம் சரி, ஆனாலும் ரெட் ஹேட் 8 வகையில் போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து எதுவும் வரவில்லை, மாடுலர் ஃபில்டரிங் வடிகட்டிவிட்டது என்கிறது என்றால், அது முன்னுரிமைக்கு அப்பாற்பட்டது. விநியோகத்தின் போஸ்ட்கிரெஸ் மாட்யூல் மற்ற எல்லாவற்றையும் மறைத்து நிற்கிறது. டிஎன்எஃப் மாட்யூல் டிசேபிள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று கொடுத்தால் வழி திறக்கும்.

ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷனின் எஃப்எஃப்எம்பெக் மோதுவது எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீயோடு. இரண்டும் வேறு பெயர் என்பதால் முன்னுரிமை எண் உதவாது. டிஎன்எஃப் ஸ்வாப் கட்டளையில் இரண்டு பெயரையும் கொடுத்து, அலௌஇரேசிங் சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஓப்பன்சூசேயில் பேக்மேன் களஞ்சியத்துக்கு எண் குறைத்தும் பேக்கேஜ் மாறவில்லை என்றால் காரணம் வெண்டர். ஸிப்பர் ஒரு பேக்கேஜின் தயாரிப்பாளரைத் தானாக மாற்றாது. ஸிப்பர் டப் கட்டளையில் ஃப்ரம் பேக்மேன் என்றும் அலௌ-வெண்டர்-சேஞ்ச் என்றும் வெளிப்படையாகச் சொன்னால் மாற்றும்.

அறிகுறி: களஞ்சியத்தை நீக்கிவிட்டேன், அதன் பேக்கேஜ்கள் போகவில்லை

களஞ்சியக் கோப்பை அழித்தால் இனிமேல் புதிதாக எதுவும் வராது. வந்தவை அப்படியே இருக்கும். அவற்றின் பதிப்பு விநியோகத்தின் பதிப்பைவிட உயர்ந்தது என்றால் ஆப்ட் அவற்றைத் தொடாது. பாதுகாப்புத் திருத்தமும் கிடைக்காது. ஆப்ட் லிஸ்ட் இன்ஸ்டால்டு பட்டியலில் லோக்கல் என்ற குறிப்போடு இருப்பவைதான் இப்படி அநாதையாக நிற்பவை.

பிபிஏ (உபுண்டுவின் லாஞ்ச்பேட் தளத்தில் தனிநபர்களும் குழுக்களும் நடத்தும் களஞ்சியம்) என்றால் பிபிஏ-பர்ஜ் என்ற கருவி இருக்கிறது. அது களஞ்சியத்தை முடக்கி, பேக்கேஜ்களை விநியோகத்தின் பதிப்புக்கே கொண்டுவந்துவிடும். களஞ்சியத்தை அழிக்கும் முன்பே அதை ஓட்டுங்கள். மற்றக் களஞ்சியங்களுக்குக் கையால்தான் செய்ய வேண்டும். நான்கைந்து பேக்கேஜ்கள் என்றால் ஒவ்வொன்றாகப் பெயரையும் சாய்கோடு போட்டு வெளியீட்டையும் கொடுங்கள்:

ஆப்ட் இன்ஸ்டால் பேக்கேஜ்பெயர்/ஜாமி-அப்டேட்ஸ்

அப்டேட்ஸில் இல்லாத பேக்கேஜ் என்றால் வெறும் ஜாமி. நிறைய இருந்தால் தற்காலிகப் பின் கோப்பு ஒன்றில் 1001 கொடுத்து, ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு ஓட்டலாம். ஆனால் ரிலீஸ் ஓ=உபுண்டு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பேக்போர்ட்ஸும் அதே பெயரில்தான் வருகிறது. 100-இல் அமைதியாக இருந்தது 1001-க்கு ஏறி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். ஏ=ஜாமி, ஏ=ஜாமி-அப்டேட்ஸ், ஏ=ஜாமி-செக்யூரிட்டி என்று மூன்று விதிகளாகப் பிரித்து எழுதுங்கள். முதலில் -எஸ் போட்டு ஒத்திகை பாருங்கள். நீக்கப்படும் பட்டியலில் டெஸ்க்டாப்பின் பெயரோ கெர்னலின் பெயரோ தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

கீழிறக்குவதில் ஒரு உண்மையான ஆபத்து தரவுத்தளங்களில் இருக்கிறது. புதிய பதிப்பு தன் தரவுக் கோப்புகளைப் புது வடிவத்துக்கு மாற்றியிருந்தால் பழைய பதிப்பால் அவற்றைத் திறக்க முடியாது. பேக்கேஜைத் தொடும் முன், புதிய பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் சொந்த டம்ப் கருவியால் தரவை வெளியே எடுத்து வேறு வட்டில் வையுங்கள்.

எல்லாம் இறங்கி முடிந்ததும் அந்த 1001 கோப்பை அழித்துவிட்டு, ஆப்ட் அப்டேட் ஓட்டி, மாற்றிய பேக்கேஜ்களுக்கு இன்னொரு முறை பாலிசி கேளுங்கள். இன்ஸ்டால்டு, கேண்டிடேட் இரண்டும் ஒரே பதிப்பாக, பக்கத்தில் 500 என்று வந்தால் கணினி விநியோகத்தின் கைக்கே திரும்பிவிட்டது.